ஆவணத்தில் 'ஷா-1' என்று இருப்பதையெல்லாம் மாற்ற வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் குழுவின் கிட் வழிகாட்டியில் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் 'ஷா-1' என்று எழுதியிருக்கிறோம். இப்போது ஷா-256 வந்துவிட்டது. தேடிப் பிடித்து எல்லாவற்றையும் ஷா-256 என்று மாற்றிவிடலாமா? இல்லை, பொதுவாக 'ஹாஷ்' என்று போட்டால் போதுமா?" (கிட் என்பது நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் மென்பொருள். ஹாஷ் என்பது தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறிப்பிட்ட நீள அடையாள மதிப்பு. ஷா-1, ஷா-256 இரண்டும் அதைக் கணக்கிடும் அல்காரிதங்கள்.) எந்தச் சொல்லைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வழிகாட்டியை எழுதியவர் 'ஷா-1' என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் எதைச் சொல்ல வந்தார்? இது தெரியாமல் தேடி மாற்றினால், பழைய தவறு போய்ப் புதிய தவறு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் பல வருடங்களாக மென்பொருள் குழுக்களுக்குக் கருவி வழிகாட்டிகள் எழுதுகிறேன், திருத்துகிறேன். மறையாக்கவியல் நான் முறையாகப் படித்த துறை அல்ல. அதனால் எந்த ஹாஷ் எவ்வளவு வலுவானது என்ற விவாதத்துக்குள் போகவில்லை. ஆவணத்தில் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பதை நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

முதலில் பின்னணி. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியபோது, ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் (கோப்பின் உள்ளடக்கம், அடைவுப் பட்டியல் என்று கிட் சேமித்துவைக்கும் ஒவ்வொரு துண்டுக்கும்) அடையாளமாக அதன் ஷா-1 மதிப்பை வைத்தார். 160 பிட், அதாவது 20 பைட், ஹெக்ஸ் எழுத்தில் (பதினாறு இலக்க எண்முறையில்) எழுதினால் 40 இலக்கம். அதே ஆண்டு பிப்ரவரியிலேயே சீன மறையாக்கவியலாளர் வாங் சியாவோயுன் குழுவினர் ஷா-1-ஐ எதிர்பார்த்ததைவிடக் குறைந்த முயற்சியில் உடைக்கலாம், அதாவது ஒரே மதிப்பு தரும் இரண்டு உள்ளீடுகளைக் கண்டுபிடிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். அது அப்போது கோட்பாட்டளவில்தான் இருந்தது. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 மதிப்பு கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டதும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அடுத்த மே மாதம் வந்த கிட் 2.13, இப்படிப்பட்ட தாக்குதலைக் கண்டுபிடித்து நின்றுவிடும் ஷா-1 நிரலை இயல்பாக்கியது. 2018-இல் அடுத்த ஹாஷ் ஷா-256 என்று முடிவானது. 2020 அக்டோபரில் கிட் 2.29 அதைச் சோதனை அளவில் கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டில் 2.42 வந்தபோது 'இது சோதனை முயற்சிதான்' என்ற கடுமையான எச்சரிக்கையைத் தணித்தார்கள். கிட் 3.0-இல் புதிய ரெப்போக்களுக்கு (கிட் வரலாற்றை வைத்திருக்கும் களஞ்சியங்களுக்கு) ஷா-256-ஐ இயல்பாக்குவது திட்டம்.

இந்த வரலாற்றில் ஆவணம் எழுதுகிறவருக்கு மிகவும் பயன்படும் பகுதி அந்த இரண்டு பிடிஎஃப் கோப்புகள்தான். இரண்டுக்கும் ஷா-1 ஒன்றே. ஆனால் அவற்றைக் கிட்டில் சேர்த்தால் இரண்டு வெவ்வேறு ஐடி கிடைக்கும். காரணம், கிட் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்து ஹாஷ் செய்வதில்லை. முன்னால் 'பிளாப்' என்ற வகைப்பெயர், ஒரு இடைவெளி, உள்ளடக்கத்தின் நீளம், ஒரு சுழியப் பைட் ஆகியவற்றைச் சேர்த்து, அதன் பிறகுதான் ஹாஷ் எடுக்கிறது. அந்தத் தலைப்பகுதி சேர்ந்ததும் அந்தக் கோப்புகளின் மோதல் (ஒரே மதிப்பு வருவது) கலைந்துவிடுகிறது. (தலைப்பகுதியையும் கணக்கில் வைத்துப் புதிதாக ஒரு மோதலைத் தயாரிக்க முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த இரண்டு கோப்புகள் அப்படித் தயாரிக்கப்பட்டவை அல்ல, அவ்வளவுதான்.) ஆக, 'கிட் உங்கள் கோப்பின் ஷா-1-ஐச் சேமிக்கிறது' என்று பல வழிகாட்டிகளில் பார்க்கும் வாக்கியம், ஷா-1 மட்டுமே இருந்த காலத்திலும் சரியாக இருந்ததில்லை. அதை நம்பி, கோப்பின் ஷா-1-ஐக் கணக்கிடும் ஷா1சம் கட்டளையை ஓட்டி, கிட் காட்டும் ஐடியோடு ஒப்பிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று தவித்தவர்களுக்கு நானே பதில் எழுதியிருக்கிறேன். 'கோப்பின் உள்ளடக்கத்துக்கு ஒரு ஆப்ஜெக்ட் ஐடி தருகிறது' என்று எழுதியிருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது. அல்காரிதத்தின் பெயரை எடுத்துவிட்டு எழுதுவது வரப்போகும் மாற்றத்துக்கான ஏற்பாடு மட்டும் இல்லை, இன்றைக்கே வாக்கியத்தை உண்மையாக்குகிறது.

சரி, 'ஷா-1' என்ற சொல் எதையெல்லாம் குறிக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான இடங்களில் அது அல்காரிதத்தைக் குறிப்பதே இல்லை. 'அந்த ஷா-வை எனக்கு அனுப்புங்கள்' என்றால் கேட்பது ஒரு கமிட்டின் (வரலாற்றில் பதிவுசெய்த ஒரு மாற்றத்தின்) அடையாளத்தை. 'செர்ரி-பிக் கட்டளைக்கு ஷா-1 கொடுக்கவும்' என்பதும் (ஒரு கமிட்டின் மாற்றத்தை எடுத்து இப்போதைய கிளையில் சேர்ப்பது செர்ரி-பிக்) அதேதான், அங்கே கிளைப் பெயரோ டேக் பெயரோ கொடுத்தாலும் வேலை நடக்கும். எனவே அங்கே வர வேண்டிய சொல் 'கமிட்'. கேட்-ஃபைல் போன்ற அடிமட்டக் கட்டளைகளைப் பற்றிப் பேசும்போது அது எந்த வகை ஆப்ஜெக்டின் அடையாளமாகவும் இருக்கலாம். அங்கே 'ஆப்ஜெக்ட் ஐடி'. பல ஆப்ஜெக்டுகளைச் சுருக்கி ஒன்றாக வைக்கும் பேக் கோப்பின் கடைசியில் 20 பைட்டாக உட்கார்ந்திருக்கும் 'ஷா-1' எந்த ஆப்ஜெக்டுக்கும் பெயர் இல்லை. அது கோப்பு கெட்டுப்போகவில்லை என்பதைச் சரிபார்க்கும் செக்சம். இன்டெக்ஸ் கோப்பின் முடிவிலும் அப்படி ஒன்று உண்டு. இந்த எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு 'ஹாஷ்' என்று போட்டால் பக்கம் நடுநிலையாகத் தோன்றும், வாசகருக்கோ எது எதன் ஹாஷ் என்றே தெரியாது. நீங்கள் கேட்ட இரண்டாவது வழியில் எனக்குள்ள தயக்கம் இதுதான்.

இதில் என் பழக்கத்தையும் சொல்கிறேன், இது விதி இல்லை. தினசரி வேலை செய்கிறவர்களுக்கான பக்கங்களில் 'கமிட் ஐடி', உட்புற அமைப்பை விளக்கும் பக்கங்களில் 'ஆப்ஜெக்ட் ஐடி', சரிபார்ப்பு மதிப்புக்கு 'செக்சம்', அல்காரிதத்தைப் பற்றியே பேசும்போது மட்டும் 'ஹாஷ் அல்காரிதம்'. கிட்டின் சொந்த ஆவணங்கள் 'ஆப்ஜெக்ட் நேம்' என்ற சொல்லையும் வைத்திருக்கின்றன, அதன் சொற்களஞ்சியத்தில் இரண்டும் ஒரே பொருள்தான். தமிழில் எழுதும்போது அதை நான் தவிர்க்கிறேன். 'பொருளின் பெயர்' என்று எழுதினால் 'பொருள்' என்பதை அர்த்தம் என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், 'பெயர்' என்றதும் கோப்பின் பெயரையோ கிளையின் பெயரையோ நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 'ஐடி' என்றால் யாரும் தடுமாறுவதில்லை. உங்கள் குழு வேறு சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை. ஒரு கருத்துக்கு ஒரே சொல், கடைசிப் பக்கம் வரை, என்று உறுதியாக இருந்தால் போதும்.

அடுத்தது எண்கள். சொற்களைவிட அதிகத் தொல்லை கொடுப்பவை இவைதான், தேடும்போது சிக்காமல் தப்பிப்பவையும் இவைதான். '40 எழுத்து ஐடி', '40 பைட் ஹெக்ஸ்', '20 பைட்', 'முதல் இரண்டு எழுத்து அடைவின் பெயர், மீதி 38 எழுத்து கோப்பின் பெயர்' என்று பல வடிவில் ஒளிந்திருக்கும். ஷா-256 ரெப்போவில் இவை முறையே 64, 64, 32, 62. ஆனால் 40-ஐ அழித்து 64 என்று எழுதிவைக்காதீர்கள். அது அதே தவறை இன்னொரு முறை செய்வது. நீளம் அல்காரிதத்தைக்கூட அடையாளம் காட்டாது. கிட் அடுத்த ஹாஷைத் தேடியபோது பரிசீலனையில் இருந்த ஷா-512/256-ம் பிளேக்2பிபி-256-ம் ஷா-256 போலவே 64 ஹெக்ஸ் இலக்கம்தான். அந்த முடிவு வரும்வரை கிட்டின் மாற்றத் திட்ட ஆவணத்தில் புதிய ஹாஷுக்கு 'நியூஹாஷ்' என்றே எழுதிவைத்திருந்தார்கள். முடிவு செய்யாத ஒன்றை முடிவானதுபோல எழுதக்கூடாது என்ற அந்த ஒழுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் வழிகாட்டியில் '40 எழுத்து ஐடி' என்ற இடத்தில் 'முழு ஐடி' என்று எழுதுங்கள். சுருக்கிய வடிவத்துக்கு 'சுருக்க ஐடி' போதும். 'முதல் 7 எழுத்து' என்பதும் வேண்டாம், கிட் 2.11-லிருந்தே அந்த நீளம் ரெப்போவின் அளவைப் பொறுத்துத் தானாக மாறுகிறது.

நீளத்தை உண்மையிலேயே சொல்ல வேண்டிய இடமும் உண்டு. பேக் கோப்பின் வடிவத்தையோ அடைவில் இருப்பவற்றைப் பட்டியலிடும் ட்ரீ ஆப்ஜெக்டின் உள் அமைப்பையோ விளக்கும் பக்கத்தைப் படித்து ஒருவர் நிரல் எழுதப்போகிறார் என்றால், அவருக்கு எத்தனை பைட் என்று தெரிந்தாக வேண்டும். அங்கே நடுநிலைச் சொல் மட்டும் போட்டுவிட்டுப் போனால் அவரைக் கைவிட்டதாகிவிடும். பேக் வடிவத்துக்கான கிட்டின் கையேடு இதற்கு நல்ல வழி காட்டுகிறது. ஷா-1 ரெப்போவில் கீழே வரும் ஐடிகளும் செக்சம்களும் ஷா-1 கொண்டு கணக்கிடப்படுகின்றன, ஷா-256 ரெப்போவில் ஷா-256 கொண்டு, என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நீங்களும் பக்கத்தின் மேலே இப்படி ஒரு பத்தி வைத்து, 20 பைட், 32 பைட் இரண்டையும் அங்கேயே ஒரு முறை சொல்லிவிட்டால், கீழே ஒவ்வொரு வரியிலும் 'ஐடி' என்று மட்டும் எழுதலாம்.

மாற்றவே கூடாதவையும் இருக்கின்றன. 2017 சம்பவத்தைச் சொல்லும்போது ஷா-1 என்றுதான் எழுத வேண்டும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2030 டிசம்பர் 31-க்குள் ஷா-1 பயன்பாட்டை நிறுத்த வேண்டும் என்று 2022-இல் அறிவித்தது. அதை மேற்கோள் காட்டும் பாதுகாப்புப் பக்கத்தில் அல்காரிதத்தின் பெயர் மறைந்தால் பக்கமே அர்த்தமற்றதாகிவிடும். கிட்டின் அமைப்புகளின் (செட்டிங்குகளின்) பெயர்களும் அப்படித்தான். அப்லோட்-பேக் (சர்வரிலிருந்து ஆப்ஜெக்டுகளை அனுப்பும் பகுதி) அமைப்புகளில், ஐடியைக் கொடுத்து நேரடியாக ஆப்ஜெக்டைக் கேட்க அனுமதிக்கும் மூன்று அமைப்புகளின் பெயரிலேயே 'ஷா1' என்ற எழுத்துகள் இருக்கின்றன. மென்பொருள் எதிர்பார்க்கும் பெயர் அதுதான். ஆவணத்தில் அதை மாற்றினால் நகலெடுத்து ஒட்டுகிறவரின் அமைப்பு வேலை செய்யாது. பெயரை அப்படியே விட்டுவிட்டு, விளக்கத்தில் மட்டும் 'ஆப்ஜெக்ட் ஐடி' என்று எழுதுங்கள்.

இங்கே ஒரு அனுபவம். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில், சர்வர் பக்க ஹூக் (மாற்றங்கள் சர்வருக்கு வரும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) பற்றி ஒரு பக்கம் எழுதினேன். புதிய கிளை உருவாகும்போது பழைய ஐடியாக '40 சுழியங்கள்' வரும் என்று எழுதி, அதையே ஒப்பிடும் ஒரு சிறு ஸ்கிரிப்டையும் கொடுத்திருந்தேன். அது பல குழுக்களுக்குப் பரவியது. பின்னால் ஒரு ஷா-256 ரெப்போவில் அதைச் சோதித்தபோது, 64 சுழியங்கள் வந்தன. ஒப்பீடு பொருந்தவில்லை, ஸ்கிரிப்ட் புதிய கிளையைப் பழைய கிளை என்று எண்ணிக்கொண்டு இல்லாத கமிட்டைத் தேடியது. பக்கத்தைத் திருத்த ஐந்து நிமிடம் ஆனது, நகல்களைத் தேடிப் பிடிக்கப் பல வாரம் ஆனது. அதிலிருந்து சொல்லையும் ஸ்கிரிப்டையும் சேர்த்தே திருத்துகிறேன். 'எல்லா இலக்கமும் சுழியமாக உள்ள ஐடி' என்று எழுதுவது முதல் பாதி. இரண்டாவது பாதி, ஸ்கிரிப்ட் அந்த மதிப்பைத் தானே கண்டுபிடிப்பது. கிட்டோடு வரும் மாதிரி ஹூக்குகள் இதை அழகாகச் செய்கின்றன: வெற்று உள்ளீட்டை, ஐடியைக் கணக்கிடும் ஹாஷ்-ஆப்ஜெக்ட் கட்டளைக்குக் கொடுத்து, வரும் ஐடியின் ஒவ்வொரு இலக்கத்தையும் சுழியமாக மாற்றிக்கொள்கின்றன. எந்த அல்காரிதமாக இருந்தாலும் நீளம் தானாகச் சரியாகிவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொன்று, வெற்று ட்ரீயின் ஐடி. முதல் கமிட்டோடு ஒப்பிடுவதற்காக அந்த நீண்ட மதிப்பைப் பலர் மனப்பாடமாக ஸ்கிரிப்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஷா-256-இல் அது முற்றிலும் வேறு மதிப்பு. நுல் சாதனத்தை (எப்போதும் வெற்றாகவே படிக்கப்படும் கோப்பை) ட்ரீ வகையாக ஹாஷ்-ஆப்ஜெக்ட் கட்டளைக்குக் கொடுத்தால் சரியான மதிப்பு கிடைக்கும். அப்புறம் '40 ஹெக்ஸ் இலக்கம்' என்று எதிர்பார்க்கும் ரெகெக்ஸ்கள் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கும் கோவைகள்), 40 எழுத்துக்கு மேல் ஏற்காத தரவுத்தள நெடுவரிசைகள். இவையும் ஆவணங்களில் எடுத்துக்காட்டாக வருகின்றன. இவற்றில் நெடுவரிசைதான் ஆபத்தானது, சில அமைப்புகளில் அது சத்தமில்லாமல் ஐடியை வெட்டிவிடும்.

எடுத்துக்காட்டு வெளியீடுகளை என்ன செய்வது? கமிட் வரலாற்றைக் காட்டும் லாக் கட்டளையின் பழைய வெளியீடு 40 இலக்க ஐடியோடு இருந்தால் அப்படியே இருக்கட்டும் என்பது என் கருத்து. அது பொய் இல்லை, ஒரு ஷா-1 ரெப்போவில் உண்மையில் வந்தது. 'எடுத்துக்காட்டுகள் ஷா-1 ரெப்போவில் எடுக்கப்பட்டவை' என்று முன்னுரையில் ஒரு வரி போதும். சில குழுக்கள் எல்லா எடுத்துக்காட்டுகளையும் புதிதாக எடுக்கின்றன, நேரம் இருந்தால் அதுவும் நல்லதே. ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: பழைய ஐடியின் பின்னால் கையால் 24 இலக்கம் சேர்த்து 64 ஆக்குவது. அதைச் சோதித்துப் பார்க்கும் வாசகர் ஏமாந்துபோவார்.

வேலையை எப்படித் தொடங்குவது என்றால், 'ஷா', '40', '20 பைட்', '38' எல்லாவற்றையும் தேடி ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது கமிட்டா, ஆப்ஜெக்ட் ஐடியா, செக்சமா, அல்காரிதமா, மாற்றக்கூடாத பெயரா என்று எழுதுங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனாலும் ஒருவரே செய்வது நல்லது, பலர் பிரித்துக்கொண்டால் ஒரே இடத்துக்கு இரண்டு சொல் வரும். திருத்திய பிறகு, கிட்_டிஃபால்ட்_ஹாஷ் என்ற சூழல் மாறிக்கு ஷா256 என்று மதிப்புக் கொடுத்து ஒரு புதிய ரெப்போவைத் தொடங்கி, வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். படிக்கும்போது கண்ணில் படாத இடங்கள் இதில் பட்டென்று உடையும். ஒரு ரெப்போ எந்த ஹாஷைப் பயன்படுத்துகிறது என்று தெரியாவிட்டால், ரெவ்-பார்ஸ் கட்டளையின் ஷோ-ஆப்ஜெக்ட்-ஃபார்மட் விருப்பம் சொல்லிவிடும். இந்தச் சொல் திருத்தங்களை வேறு எந்த மாற்றத்தோடும் கலக்காமல் தனி கமிட்டாக வையுங்கள், சரிபார்ப்பவருக்கு வேலை எளிது.

ஆவணத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். ஷா-256 ரெப்போவைத் தொடங்கலாம், பயன்படுத்தலாம் என்பது உறுதி. கிட்டின் ஆவணம் சொல்கிறபடி ஷா-1 ரெப்போவும் ஷா-256 ரெப்போவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இப்போது வழியில்லை, அதாவது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புஷ் செய்ய (கமிட்டுகளை அனுப்ப) முடியாது. இரண்டுக்கும் இடையே ஐடிகளை மொழிபெயர்க்கும் வேலை திட்டமாகவும் அரைகுறை நிரலாகவும் இருக்கிறது. அது எப்போது முடியும், உங்கள் ரெப்போக்களை வைத்திருக்கும் சேவை எப்போது முழுமையாக ஆதரிக்கும் என்பவையெல்லாம் ஊகம். 'விரைவில் எல்லாம் ஷா-256 ஆகிவிடும்' என்ற வரியை எழுதாதீர்கள். நடுநிலைச் சொற்களை நான் விரும்புவதற்கு இதுவே பெரிய காரணம்: மாற்றம் நாளைக்கே வந்தாலும், பத்து வருடம் கழித்து வந்தாலும், 'கமிட் ஐடி' என்ற சொல் சரியாகவே இருக்கும்.

கடைசியாக, உங்கள் சொற்களஞ்சியப் பக்கத்திலிருந்து 'ஷா-1' என்ற பதிவை நீக்கிவிடாதீர்கள். பல வருடங்களாக அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள் அதையேதான் தேடுவார்கள். பழைய கமிட் செய்திகளிலும் அது இருக்கும், அவற்றை யாரும் திருத்தப்போவதில்லை. 'ஷா-1: ஒரு ஹாஷ் அல்காரிதம். கிட் தொடர்பான பழைய ஆவணங்களிலும் பேச்சிலும் ஆப்ஜெக்ட் ஐடி என்ற பொருளில் வரும். பார்க்க: ஆப்ஜெக்ட் ஐடி' என்று மூன்று வாக்கியம் வைத்துவிடுங்கள்.